இறையியல் மாணவருக்கான உதவித்தொகை நிதியைத் திரட்டுவது எப்படி

இறையியல் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கக்கூடும். நினைவு உதவித்தொகை பெறுவோர் பட்டியல் வாசிக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பெரியவரின் பெயர், பட்டங்களோடும் ஊரோடும் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. ஒரு மாணவர் மேடையேறி, சிறப்பு விருந்தினரின் கையிலிருந்து வெள்ளை உறையை வாங்கிக்கொண்டு கைதட்டலுக்கு நடுவே இறங்கி வருகிறார். உறைக்குள் இருப்பது 325 ரூபாய். அந்தக் குடும்பம் அன்று மனமுவந்து கொடுத்த 5,000 ரூபாய் வைப்புத்தொகைக்கு இன்றைய வட்டி அவ்வளவுதான். விடுதி மெஸ்ஸில் அது இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வரும்.

அன்று 5,000 ரூபாய் பெரிய தொகை. கொடுத்தவர்கள் கையைச் சுருக்கவில்லை. வாங்கி வைத்தவர்கள்தான், ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், பத்தாண்டு கழித்து எவ்வளவு ஆகும் என்ற கணக்கைப் போடாமல் வாங்கினார்கள். வட்டி போதாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாட்டில் உள்ள ஒரு இறையியல் கல்லூரியின் நிதிப் பொறுப்பில் இருப்பவர்கள், முன்னாள் மாணவர் சங்கத்தார், சபைகளில் இதற்காகக் குழு அமைத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இறையியல் கல்லூரிகளின் மாணவருக்குப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் இறையியல் இளையர் பட்டப் படிப்பு, சேருபவரின் முன்தகுதியைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் நடக்கிறது. திருமண்டலமோ (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பு) லுத்தரன் திருச்சபையோ தேர்ந்தெடுத்து அனுப்பும் மாணவருக்குக் கட்டணத்தின் பெரும்பகுதியைச் சபையே ஏற்றுக்கொள்வது வழக்கம். யாருடைய பரிந்துரையும் கட்டண உதவியும் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் வந்து சேருகிறவர்களுக்குத்தான் முழுப் பாரமும் வீட்டின் மீது விழுகிறது. ஆயர் (சபைப் போதகர்) பொறுப்பு இன்னும் பெண்களுக்குத் திறக்கப்படாத சபைகளிலிருந்து வரும் மாணவிகளும், மணமாகிக் குழந்தையோடு வருகிறவர்களும் இவர்களில் உண்டு. ஆகவே, கல்லூரியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேருடைய கட்டணம் ஜூலையிலும் டிசம்பரிலும் நிலுவையில் நிற்கிறது என்று அலுவலகப் பேரேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒருவருக்கான ஆண்டுச் செலவு. விளக்கத்துக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம்: கல்விக் கட்டணம் 30,000, விடுதியும் மெஸ்ஸும் 48,000, புத்தகமும் தேர்வுக் கட்டணமும் 7,000, விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் செலவு 5,000, ஆக 90,000 ரூபாய். கடைசி இரண்டு இனங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டணம் முழுவதும் கட்டப்பட்ட மாணவர் ஒருவர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போக பஸ் கட்டணம் இல்லாமல் காலியான விடுதியில் தங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்குத் தாளிலும் அந்தச் செலவு இல்லை.

இந்த 90,000 ரூபாயை ஆண்டுதோறும் திரட்டிச் செலவிடலாம். அல்லது ஒரு மூலதனத்தை வைத்து அதன் வட்டியிலிருந்து கொடுக்கலாம். ஆறரை சதவீத வட்டி என்றால் ஏறத்தாழ 14 லட்சம் போதும் என்று தோன்றும். அங்கேதான் பழைய தவறு மறுபடியும் நடக்கிறது. செலவு ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் 90,000 என்பது 1,80,000 ஆகிவிடும். வட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். 20 லட்சம் வைத்து, வரும் 1,30,000 வட்டியில் 90,000-ஐ மட்டும் கொடுத்துவிட்டு 40,000-ஐ மூலதனத்திலேயே சேர்த்துவந்தால், அதுவும் விலைவாசியை முழுதாக எட்டிப் பிடிக்காது என்றாலும், 325 ரூபாய் உறை உருவாக நெடுங்காலம் ஆகும். ஒரு குடும்பத்தால் 20 லட்சம் முடியாது என்றால், அவர்களிடம் மூலதனம் கேட்காதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மாணவரின் பாதிச் செலவை, அதாவது ஆண்டுக்கு 45,000 ரூபாயை, ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். என்றென்றைக்கும் நிற்கும் சிறிய அறக்கட்டளையைவிட, நான்கு ஆண்டில் முடிந்துவிடும் பெரிய உதவியே மாணவருக்கு மேல் என்பது என் எண்ணம். பெயர் கல்வெட்டில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இது எளிதில் பிடிக்காது. அவர்களோடு பொறுமையாகப் பேச வேண்டியிருக்கும்.

நிபந்தனைகளை எழுதி வாங்குதல்

மூலதனமாக வைக்கச் சொல்லித் தரும் நன்கொடைக்கு, ‘இது மூலதன நிதிக்கு’ என்று கொடுப்பவர் கைப்பட எழுதித் தர வேண்டும். கொடுப்பவர் அப்படிக் குறிப்பிட்டுச் சொன்னதையே வருமான வரிச் சட்டம் மூலதன நன்கொடையாக ஏற்கிறது; அதற்கு எழுத்துதான் சான்று. அந்தப் பணத்தைச் சட்டம் அனுமதித்துள்ள முதலீடுகளில் தனியாக வைத்திருக்கவும் சொல்கிறது. வங்கி வைப்புத்தொகை அதற்குப் போதும்.

அதே தாளில் இன்னும் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். வட்டியில் எவ்வளவு பங்கு மாணவருக்கு, எவ்வளவு மூலதனத்துக்கு என்பது முதலாவது. வட்டி ஒரு மாணவரின் செலவில் கால் பங்குக்கும் கீழே போய்விட்டால், கொடுத்தவரின் பெயரை நிலைநிறுத்தியே வேறு நிதிகளோடு சேர்த்துக்கொள்ள நிர்வாகக் குழுவுக்கு உரிமை உண்டு என்பது இரண்டாவது. இந்த ஒரு வரி இல்லாததால்தான் எத்தனையோ பழைய நிதிகள் அசையாமல் கிடக்கின்றன. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. ‘எங்கள் சேகரத்துப் பிள்ளைக்கு மட்டும்’ என்று கேட்பார்கள் (சேகரம் என்பது ஒரே ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி). ‘மட்டும்’ என்பதை ‘முன்னுரிமை’ என்று மாற்றி எழுதுங்கள். அந்தச் சேகரத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவரும் வராமல் போகலாம். ‘எங்கள் சமூகத்தாருக்கு மட்டும்’ என்று நாசூக்காகச் சாதியைச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பணத்தை நன்றி சொல்லித் திருப்பிவிடுவதே நல்லது. அதை வாங்கிவிட்டு, திருவிருந்துப் பந்தியில் எல்லோரும் ஒன்று என்று வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது?

யாரிடம், எப்போது கேட்பது

முன்னாள் மாணவர்களில் பெரும்பாலோர் ஆயர்கள். அவர்களுடைய சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அவர்களிடம் மாதம் 200 ரூபாய் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவர்களால் செய்யக்கூடிய பெரிய உதவி, தங்கள் சபையில் கல்லூரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கித் தருவது. இறையியல் கல்வி ஞாயிறு என்று பல திருச்சபைகளின் நாட்காட்டியில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் எல்லாச் சபைகளுக்கும் போக உங்களிடம் ஆள் இருக்காது. ஆகவே ஆண்டு முழுவதும் பரவலாக நாள் கேட்டு வாங்குங்கள். மே மாதத்தில் பாதிச் சபை ஊரில் இராது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் செலவுகளுக்கே உறை மேல் உறையாகப் போயிருக்கும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சபைகளுக்குப் போகிறவர்கள் அறுப்பின் பண்டிகையை அறிந்திருக்க வேண்டும். நெல்லும் வாழைத்தாரும் தேங்காயும் கோழியுமாக வரும் காணிக்கைகள் ஏலம் விடப்படும். ஒருவர் வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்து, அதை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிட, அதே தார் மூன்றாம் முறை ஏலத்துக்கு வரும். அன்று அள்ளிக் கொடுக்கிற மனம் சபையில் இருப்பது உண்மை. என்றாலும் அந்தப் பணம் சபையின் ஆண்டுச் செலவுக்கானது. அங்கே போய்க் கல்லூரிக்கென்று பங்கு கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. அதே குடும்பங்களைப் பண்டிகை முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சந்தியுங்கள்.

குடும்பங்களிடம் கேட்க ஏற்ற தருணம், இறந்தவரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஓரிரு மாதம் முன்பு. அடக்க ஆராதனை முடிந்த கையோடு போகவே கூடாது. நாற்பது ஆண்டு ஞாயிறு பள்ளி நடத்திய ஒரு தாயாரின் பிள்ளைகள், அவர் பெயரில் என்ன செய்யலாம் என்று அந்த நேரத்தில் தாங்களாகவே பேசிக்கொண்டிருப்பார்கள். பணி ஓய்வு, திருமணப் பொன்விழா போன்ற நாட்களும் ஏற்றவையே.

கைப்பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கிய பெண்கள் ஐக்கிய சங்கங்களைச் சிறியவை என்று எண்ணிவிடாதீர்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தத் தீர்மானம் நின்றது கிராமத்துச் சபைகளின் சில்லறையால்தான். ஒரு சங்கத்திடம் ஒரு மாணவியின் ஓராண்டு மெஸ் கட்டணத்தைக் கேட்டால், தொகை தெளிவாக இருப்பதால் அவர்கள் எப்படியும் நிறைவேற்றிவிடுவார்கள்.

சபையில் அந்த ஞாயிறு

முந்தின ஞாயிறே காணிக்கை உறைகள் சபையில் விநியோகிக்கப்பட்டிருக்க வேண்டும். வந்த அன்றே உறையைக் கொடுத்து அன்றே திரும்பக் கேட்டால், பர்சில் கிடக்கும் நோட்டுதான் உறைக்குள் போகும். ஒரு வாரம் விட்டால் குடும்பத்தில் கலந்து பேசிக் கொடுப்பார்கள். அன்றைய பொதுக் காணிக்கை சபைக்கா, கல்லூரிக்கா, உறைகள் மட்டும் கல்லூரிக்கா என்பதைச் சேகர ஆயரோடு முன்னதாகவே பேசி, கடிதமாகவும் அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டதால் ஒரு சபையில் ஆராதனைக்குப் பின் வெஸ்ட்ரி அறையில் (ஆயர் அங்கி மாற்றும் அறை) கமிட்டியாருக்கும் எங்களுக்கும் நடந்த உரையாடல் எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது.

பேசுவதற்கு ஏழு நிமிடம் போதும். ஒரு மாணவரைப் பேச வைக்கலாம். ஆனால் அவருடைய வறுமையைப் பேச வைக்கக் கூடாது. முதலாண்டு மாணவி ஒருவரைப் பீடத்தின் முன் நிறுத்தி, ‘இவருக்கு அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார்’ என்று அழைத்து வந்தவரே அறிமுகப்படுத்தியதைப் பார்த்தேன். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அன்று காணிக்கை நன்றாக வந்தது. அதன் பின் எந்தச் சபைக்கும் வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாணவர் தாம் என்ன படிக்கிறார், எந்தச் சபையில் வார இறுதி ஊழியம் செய்கிறார், படித்து முடித்து எங்கே போக விரும்புகிறார் என்று சொல்லட்டும். தொகை பற்றிப் பேசுவது கல்லூரிப் பொறுப்பாளரின் வேலை. துண்டுப் பிரசுரத்தில் படம் போடுவதானால் எழுத்தில் சம்மதம் வாங்கிப் போடுங்கள். சம்மதிக்காததால் உதவித்தொகை குறையாது என்பதை மாணவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எண்ணும்போது சபைக் கமிட்டியில் இருவரும் கல்லூரியிலிருந்து ஒருவரும் மேசையில் இருக்க வேண்டும். உறையின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்த்து, பட்டியல் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, அங்கேயே மொத்த ரசீதைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடச் சேர்த்துக்கொண்டது இதே எச்சரிக்கையால்தான்.

யுபிஐ வழியாக வரும் பணத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பீடத்தருகே க்யூஆர் கோடு அட்டையை வைத்துவிட்டால் பணம் வரும். ஆனால் வங்கிப் பட்டியலில் ஒரு முதலெழுத்தும் பாதிப் பெயரும் 501 ரூபாயும் மட்டுமே இருக்கும். உதவித்தொகைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, அதற்கு மட்டும் அந்த க்யூஆர் கோடு அட்டையை உருவாக்கி, பெயரும் ஊரும் அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணை அட்டையிலேயே அச்சிடுங்கள். பெயர் தெரியாத பணம் வரிக் கணக்கிலும் தொல்லை தரும்: முழுவதும் சமய நோக்கமுள்ள அமைப்புக்கு விலக்கு உண்டென்றாலும், சமயமும் தர்மமும் கலந்த அமைப்பின் கல்வி நிறுவனத்துக்கென்று வரும் அநாமதேய நன்கொடை வரம்பு மீறினால் 30 சதவீத வரிக்கு உள்ளாகும். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று பெயர் சொல்ல மறுப்பவர்களிடம், மேடையில் வாசிக்க மாட்டோம், பதிவேட்டில் மட்டும் இருக்கும் என்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வரிச் சலுகையும் வெளிநாட்டுப் பணமும்

‘நன்கொடைக்கு 80ஜி வரிவிலக்கு உண்டு’ (80ஜி என்பது நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை தந்த பழைய சட்டத்தின் பிரிவு) என்று அச்சிடும் முன், அதற்கான ஆணை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்குக் கிடைக்கும் விலக்கு வேறு. கொடுப்பவருக்குக் கிடைக்கும் சலுகை வேறு. ஒரு குறிப்பிட்ட சமயத்தாரின் நலனுக்கென்றே அமைந்த, முழுவதும் சமய நோக்கமுள்ள அமைப்புக்கு இரண்டாவது கிடைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்பும் தன் வருமானத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சமயச் செலவு செய்யக் கூடாது. ஆகவே போதகரை உருவாக்குவதையே நோக்கமாக எழுதி வைத்திருக்கும் செமினரி, தன் தணிக்கையாளரைக் கேட்காமல் அந்த வாசகத்தை அச்சிடக் கூடாது. அங்கீகாரம் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இல்லை. ஒரே நபரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது; மீறினால் அபராதம் உண்டு. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களை மாற்றியிருப்பதால், பழைய ரசீதுப் புத்தகங்களை அப்படியே பயன்படுத்தாமல் எண்களைச் சரிபார்த்து மறு அச்சிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் விஷயத்தில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் துபாயிலோ லண்டனிலோ வேலை பார்த்துத் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆனால் அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவரோடு படித்த இன்னொருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், ஊருக்கு வந்த இடத்தில் ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பதிவு ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும். ‘அவசரம், பேராசிரியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் நண்பரைக் கட்டாயம் தடுத்துவிடுங்கள். ஒரு மாணவரின் கட்டணத்துக்காகக் கல்லூரியின் பதிவே ஆபத்துக்குள்ளாகும்.

கொடுத்த பின்

மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் முதல்வரும் பர்சாரும் (கல்லூரியின் நிதிப் பொறுப்பாளர்) மட்டும் இருந்தால் போதாது. கல்லூரிக்கு வெளியே இருந்து ஒருவர் வேண்டும். விண்ணப்பதாரருக்கு உறவினரோ அவரது சபை ஆயரோ குழுவில் இருந்தால், அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். கட்டணப் பகுதியை மாணவரின் கட்டணக் கணக்கிலேயே வரவு வையுங்கள். புத்தகம், பயணம் ஆகியவற்றுக்கான தொகையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கும் பில் கேட்டு நிற்பது வளர்ந்த பிள்ளையை நம்பாதது போல் ஆகும்.

கொடுத்தவருக்கு எழுதும் கடிதம் அடுத்த ஆண்டின் முதல் வேண்டுகோள். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள், 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடராக அச்சிடப்பட்டு, பணம் கொடுத்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளியில் எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், என்ன தடை என்று அவற்றில் விவரமாக இருந்தது. நாம் அனுப்பும் கடிதங்களிலோ ‘தங்கள் அன்பான ஆதரவுக்கு நன்றி’ என்ற ஒரே வாக்கியம் நாலு விதமாக வருகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘அன்புள்ள ஐயா, தங்கள் தாயாரின் நினைவாக ஜூன் மாதம் தாங்கள் அளித்த 45,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் விடுதிக் கட்டணத்துக்கும் எபிரேய மொழிப் புத்தகங்களுக்கும் செலவாயிற்று. மீதி 1,350 ரூபாய் அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கப்பட்டுள்ளது. அவர் இப்போது வார இறுதியில் கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமச் சபையில் சிறுவர் ஊழியம் செய்கிறார். அவர் எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளோம்.’

மாணவரின் கடிதம் கல்லூரி வழியாகவே போக வேண்டும். தொலைபேசி எண்கள் பரிமாறப்படக் கூடாது. இது கடுமையாகத் தோன்றும். ஆனால் உதவி செய்தவர் தம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வாரந்தோறும் மாணவரை வரச் சொல்வதும், அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதும், மாணவர் தம் அக்காளின் கல்யாணச் செலவுக்கு அவரையே கேட்பதும் நடந்திருக்கின்றன. இடையில் நிற்கும் அலுவலகம் இருவருக்கும் பாதுகாப்பு.

மாணவர் பாதியில் படிப்பை விட்டுவிட்டால் அதை மறைக்காமல், முப்பது நாட்களுக்குள் எழுதுங்கள். காரணத்தின் அந்தரங்கத்தை விவரிக்க வேண்டியதில்லை. ‘சொந்தக் காரணங்களால் விலகிவிட்டார்; எஞ்சிய 28,000 ரூபாயை அதே ஆண்டில் படிக்கும் வேறொரு மாணவருக்குப் பயன்படுத்தத் தங்கள் சம்மதம் வேண்டுகிறோம்’ என்று கேட்டு, பதில் எழுத ஒரு தபால் அட்டையையும் வைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள்.